தவளை வாங்கும் முன் ஒரு கணக்கு

பழைய மாமல்லபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் குடியிருக்கும் குடும்பங்களுக்கும், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் வட்டாரப் பெற்றோர்களுக்கும், தவளை வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கும்,



நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் உயிரியல் நடத்தும் ஆசிரியை. பெற்றோர் கூட்டங்களில் முன்பெல்லாம் நாய்க்குட்டி, லவ் பேர்ட்ஸ், வண்ணமீன் பற்றித்தான் கேட்பார்கள். இப்போது தவளையைப் பற்றிக் கேட்கிறார்கள். கைபேசியில் படத்தைக் காட்டி, "டீச்சர், பையன் இதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். என்ன செலவாகும்?" என்கிறார்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் தென் அமெரிக்கக் கொம்புத் தவளை. இல்லையென்றால் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை, அல்லது மீன்தொட்டிக்குள் நீந்தும் ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை.

தனித்தனியாகச் சொல்லி வந்ததை எல்லோருக்குமாக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்காதீர்கள். உங்கள் பிள்ளையின் ஆசை தவறு என்பதால் இதைச் சொல்லவில்லை. தவளையைப் பார்த்து முகம் சுளிக்காத குழந்தை கிடைப்பது அபூர்வம். அந்த ஆசையைக் காப்பாற்ற வேண்டும். கடையில் கொடுக்கும் விலை மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு. மிச்சத்தில் ஒரு பகுதியை நீங்கள் கட்டுவீர்கள், ஒரு பகுதியை அந்தத் தவளை கட்டும், இன்னொரு பகுதியை நம் ஏரி குளங்கள் கட்டும். மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகு நீங்களே முடிவெடுக்கலாம்.

முதலில் உங்கள் பங்கு.

தவளையின் விலை இனத்தைப் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை போகும். அதற்கு ஒரு கண்ணாடித் தொட்டி வேண்டும். மரத்தவளை என்றால் உயரமான தொட்டி, கொம்புத் தவளை என்றால் மண்ணுக்குள் புதைந்து உட்கார ஆழமான தேங்காய் நார்க்கழிவு. வெப்பமானி, ஈரப்பத மானி, தண்ணீர் தெளிப்பான், காற்றோட்டம் உள்ள மூடி. இவை ஒரு முறைச் செலவு என்பதால் இதோடு முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. தொட்டியை எப்படிச் சூடாக்குவது என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். நமக்குப் பிரச்சினை தலைகீழ். கொம்புத் தவளைக்கு ஏற்ற வெப்பம் ஏறக்குறைய 24 முதல் 28 டிகிரி. செங்கல்பட்டில் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. நாம் ஏசி போடுவது இரவில். தவளைக்கு அது தேவைப்படுவதோ பகல் ஒரு மணிக்கு, வீடு பூட்டிக் கிடக்கும் நேரத்தில். ஓர் ஏசி மணிக்கு ஒரு யூனிட் இழுக்கிறது என்றும், நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நம் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அறுபது நாளில் 600 யூனிட் ஒரு தவளைக்காக மட்டும் ஏறும். வீட்டின் வழக்கமான செலவு இதற்கு மேல். 500 யூனிட்டைத் தாண்டினால் ஒவ்வொரு படியிலும் யூனிட் விலை கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். இலவச யூனிட்டுகள் இந்தக் கணக்கில் பெரிதாகக் கைகொடுக்காது.

அடுத்தது தண்ணீர். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாக, முக்கியமாக அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ அது நேராக உடம்புக்குள் போகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை நீக்காமல் ஊற்றக்கூடாது. கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு ஏறியிருக்கிறது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது என்றால், சென்னையின் தண்ணீர்த் தட்டுப்பாடு எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள். நமக்கே கேன் தண்ணீர் வாங்குகிறோம். தவளையின் தொட்டிக்கும் தினமும் சுத்தமான தண்ணீர் மாற்ற வேண்டும், கழிவை அள்ள வேண்டும். ஒரு வாரம் ஊருக்குப் போனால் இதைச் செய்ய ஆள் வேண்டும்.

பிறகு தீனி. அசையாத எதையும் பெரும்பாலான தவளைகள் உணவாகவே பார்ப்பதில்லை. உயிருள்ள சுவர்க்கோழி, கரப்பான், மண்புழு வேண்டும். தோட்டத்தில் பிடித்துப் போடலாம் என்றால், பக்கத்து வீட்டுக்காரர் அடித்த பூச்சிமருந்து அந்தப் பூச்சியின் வயிற்றில் இருக்கும். வாங்கினால் மாதச் செலவு. வீட்டிலேயே பூச்சி வளர்க்கலாம் என்றால், தவளைக்காக ஒரு டப்பா நிறையக் கரப்பான் வளர்க்க உங்கள் வீட்டில் யார் சம்மதிப்பார்கள்? பூச்சியின் மேல் கால்சியமும் வைட்டமின் டி3-யும் கலந்த தூளைத் தூவிக் கொடுக்க வேண்டும். தராமல் விட்டால் தவளையின் எலும்பு மெலிந்து வளையும், தாடை தொங்கும், கடைசியில் இரையைப் பிடிக்கவே முடியாமல் போகும்.

நோய் வந்தால் எங்கே போவீர்கள்? நம் ஊர்களில் ஆடு மாட்டுக்கும் நாய்க்கும் கைதேர்ந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். தவளைக்கு மருந்தளவு தெரிந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பலருக்கு அது மாமல்லபுரத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை ஒரு நாள் அலைச்சல். தவளை நோயை வெளியே காட்டாத பிராணி. இரை எடுக்கவில்லை என்று நீங்கள் கவனிக்கும்போதே நோய் முற்றியிருக்கும்.

இத்தனையும் எத்தனை ஆண்டுகளுக்கு? நன்றாகப் பார்த்துக்கொண்டால் கொம்புத் தவளை பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழும். ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை பதினைந்து ஆண்டுகளைத் தாண்டும். ஆறாம் வகுப்பில் அடம் பிடித்து வாங்கிய பிள்ளை கல்லூரி விடுதிக்குப் போன பிறகும் அது தொட்டியில் உட்கார்ந்திருக்கும். அப்போது பூச்சி போடுவது யார் என்பதை வாங்கும் நாளிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும்.

உடல்நலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தவளைகளின் உடம்பிலும் அவை கிடக்கும் தண்ணீரிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். தவளைக்கு ஒன்றும் ஆகாது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைகளால் 200-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பெரும்பாலோர் சின்னஞ்சிறு பிள்ளைகள். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவது எவ்வளவு ஆபத்து என்று அப்போதுதான் பல வீடுகளுக்குத் தெரிந்தது.

இனி தவளையின் பங்கு.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையேறியது. இந்தக் கரையில் புயலும் மின்தடையும் புதிதல்ல. நமக்கு மெழுகுவத்தி ஏற்றிச் சமாளிக்கத் தெரியும். ஆனால் மின்தடையில் சூடு ஏறினால், மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் பிராணிக்கு நகர இடமில்லை. வெளியில் இருக்கும் தவளை சூடு அதிகமானால் மண்ணுக்குள் போகும், காய்ந்தால் ஈரம் தேடும், மழை வந்தால் கூப்பிட்டுத் துணை தேடும். தொட்டியில் இருப்பது இந்த மூன்றையும் நம் ஞாபகத்தை நம்பி விட்டுவிடுகிறது. கையில் எடுத்துக் கொஞ்சுவதையும் அது விரும்பாது. நம் கையின் உப்பும் எண்ணெயும் சோப்பும் அதன் தோலைப் புண்ணாக்கும். பிள்ளை தொட ஆசைப்படும். தொடாதே என்று நீங்கள் தினமும் சொல்ல வேண்டியிருக்கும்.

தவளை உங்கள் வீட்டுக்கு வந்த வழியையும் பாருங்கள். 2022 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் சுங்கத்துறையினர் டி பிராசா குரங்கு ஒன்று, 15 கிங் ஸ்னேக் பாம்புகள், 5 பால் மலைப்பாம்புகள், 2 அல்டாப்ரா ஆமைகள் கண்டெடுத்தார்கள். அந்நிய வளர்ப்புப் பிராணிச் சந்தையின் ஒரு முகம் அது. நம் பக்கத்திலேயே, வடநெம்மேலி முதலைப் பண்ணையில் 2021 நவம்பரில் ஓர் அல்டாப்ரா ஆமை திருடு போனது. 1976-இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய, ஊர்வனவற்றைக் காப்பதற்கென்றே இருக்கும் இடத்திலிருந்து திருடும் அளவுக்கு இந்தச் சந்தையில் பணம் புரள்கிறது. எல்லாத் தவளையும் கடத்தி வந்தது என்று நான் சொல்லவில்லை. பண்ணைகளில் பிறந்தவையும் உண்டு. ஆனால் கடையில் நிற்கும் உங்களால் இரண்டையும் பிரித்தறிய முடியுமா?

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்பாட்டில் இடம்பெற்ற உயிரினங்களுக்கு அதில் தனி அட்டவணை உண்டு. அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகள் வந்தன. சிவப்புக்கண் மரத்தவளையும் அம்புநச்சுத் தவளைகளும் இந்தப் பட்டியலில் வருபவை. விற்கும் கடையும் 2018-ஆம் ஆண்டு செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

"வெளிநாட்டுத் தவளை வேண்டாம், வயலிலேயே ஒன்று பிடித்து வைத்துக்கொள்கிறோம்" என்றும் சிலர் கேட்கிறார்கள். அதுவும் கூடாது. மழை பிடித்ததும் உடம்பு மஞ்சளாகி, தொண்டையின் இருபுறமும் நீலப் பை உப்பக் கத்தும் நம் பெரிய வயல் தவளையும், தாமரைக் குளத்துப் பச்சைத் தவளையும் 1985 முதல் சைட்டிஸ் பட்டியலில் இருக்கின்றன. காரணம் தவளைக்கால் ஏற்றுமதி. இரவில் விளக்கு பிடித்துக்கொண்டு வயல்களில் தவளை பிடித்தார்கள். தொடையை வெட்டி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். பூச்சி தின்னும் பிராணியை விற்றுவிட்டுப் பூச்சிமருந்து வாங்குகிறோமே என்று இயற்கை ஆர்வலர்கள் போராடினார்கள். 1987-இல் மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. இன்று நம் வயல்களில் கேட்கும் சத்தம் அந்தத் தடை காப்பாற்றிக் கொடுத்தது.

மூன்றாவது பங்கு, ஏரி குளங்களின் பங்கு. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

அலுத்துப்போனவர்கள் என்ன செய்கிறார்கள்? "பாவம், தண்ணீர்ல விட்டுடலாம்" என்று பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். விடுதலை கொடுத்ததாக மனநிறைவு. இதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை. 1935-இல் கரும்புப் பூச்சியை ஒழிக்க என்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கொண்டுவந்து விட்ட தேரையை இன்றுவரை அவர்களால் கட்டுப்படுத்த முடியவில்லை. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் வயல் தவளையே அந்தமானுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே தொல்லையாகிவிட்டது. அதன் தலைப்பிரட்டைகள் அந்தத் தீவின் சொந்தத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்கின்றன. இங்கே சாதுவாக இருக்கும் இனமே இடம் மாறினால் இப்படி என்றால், முன்பின் தெரியாத இனத்தை நம் நீரில் விடுவது எப்படி முடியும்?

விட்டால் தவளை மட்டும் போகாது, நோயும் போகும். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்னும் பூஞ்சை உலகெங்கும் 500-க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வி இனங்களின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறது. சுமார் 90 இனங்கள் அற்றுப்போயின என்று 2019-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அது கண்டம் விட்டுக் கண்டம் பரவியதில் உயிருள்ள தவளை வணிகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நம் சமவெளி வெயில் அந்தப் பூஞ்சைக்கு ஆகாது. ஆனால் இந்தத் தவளை வணிகம் செங்கல்பட்டோடு நின்றுவிடுவதில்லை. குளிர்ந்த மலைகளில், வேறெங்கும் இல்லாத தவளைகள் வாழும் மேற்குத் தொடர்ச்சி மலையோரத்தில், அதே சந்தைக்கு வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. குற்றவுணர்ச்சி வேண்டாம், பொறுப்பு போதும். எந்த நிலையிலும் அதை வெளியில் விடாதீர்கள். பட்டியலில் உள்ள இனமா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். தொட்டித் தண்ணீரைப் பிளீச்சிங் கலந்து சற்று நேரம் வைத்த பிறகு கழிவறையில் ஊற்றுங்கள். தோட்டத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ ஊற்றாதீர்கள். வளர்க்க முடியாத நிலை வந்தால் முறையாக வளர்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். முதலைப் பண்ணை வாசலில் பெட்டியை வைத்துவிட்டு வருவது தீர்வல்ல.

இப்போது பிள்ளைகளிடம் பேசுகிறேன். நீங்கள் இருப்பது ஏரி மாவட்டம். கொளவாய், மதுராந்தகம், வேடந்தாங்கல், கரிக்கிலி என்று எண்ணிக்கொண்டே போகலாம். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இரவில் ஒரு பெரியவரோடு டார்ச் எடுத்துக்கொண்டு தெருவிளக்கின் கீழே போய் நில்லுங்கள். ஈசல் விழும். சொறித்தவளை ஒன்று வந்து உட்காரும். தலையை மட்டும் திருப்பும், பின்னங்காலின் ஒரு விரல் துடிக்கும், நாக்கு வெளியே வந்ததை நீங்கள் பார்ப்பதற்குள் ஈசல் இருக்காது. இறக்கை மட்டும் வாயோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னங்காலால் அதை உள்ளே தள்ளும். விழுங்கும்போது இரண்டு கண்களும் உள்ளே அமுங்கி எழும். கண்விழிகளும் இரையைத் தொண்டைக்குள் அழுத்த உதவுகின்றன.

வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில், தண்ணீருக்குச் சற்று மேலே, வெள்ளையாக முட்டை நுரை போல ஒன்று ஒட்டியிருந்தால் துடைத்து எறியாதீர்கள். குளியலறையில் ஒட்டிக்கொண்டிருக்குமே ஒரு பழுப்பு மரத்தவளை, அது அடித்த நுரை. முட்டைகள் உள்ளே இருக்கின்றன. சில நாளில் நுரை இளகும். தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழும். குடிக்கும் தண்ணீர்த் தொட்டியாக இருந்தால், பெரியவர்களிடம் சொல்லி நுரையை அப்படியே பெயர்த்து, தண்ணீர் உள்ள ஒரு வாளியின் விளிம்பில் வைக்கச் சொல்லுங்கள். தலைப்பிரட்டை தவளையாவதைத் தினமும் வரைந்து தேதி போடுங்கள். கால் முளைத்ததும் கல் ஒன்று போட்டு வையுங்கள், ஏறி வெளியே போகட்டும். இதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.

பிராணியைத் தெரிந்துகொள்ள அதைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்றில்லை. இதை நம் மாவட்டத்து இருளர் மக்கள் உலகுக்கே காட்டியிருக்கிறார்கள். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்பைப் பிடிக்கிறது, விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கிறது, சில வாரங்களில் காட்டில் திரும்ப விட்டுவிடுகிறது. அந்த அறிவுக்காகத்தான் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பெற்றோர்களுக்குக் கடைசியாகச் சில வேண்டுகோள்கள். தவளைக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் சிறு பங்கு போதும். முற்றம் முழுவதும் பேவர் கல் பதிக்காமல் ஒரு மூலையை மண்ணாக விடுங்கள். மணலுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும் தவளைகளுக்கு அதுதான் வீடு. சரிவான கரையுள்ள சிறு குட்டை அமைத்தால் அதில் மீன் விடாதீர்கள்; கப்பி மீனும் கம்பூசியாவும் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடும். கொசு பற்றிய கவலை நியாயமானது. தலைப்பிரட்டை இல்லாமல் தண்ணீர் தேங்கிய வாளி, டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கவிழ்த்துவிடுங்கள். களைக்கொல்லி அடிக்காதீர்கள். கடற்கரைச் சாலை வீடுகளிலும் விடுதிகளிலும் நீச்சல்குளம் வைத்திருப்பவர்கள், விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் சாய்வாக ஒரு பலகையைப் போட்டு வையுங்கள். வழுக்கும் ஓட்டில் ஏற முடியாமல் இரவில் விழும் தவளைகள் குளோரின் தண்ணீரில் விடியும் முன் செத்துப்போகின்றன. ஒரு பலகை அவற்றைக் காப்பாற்றும். மழை இரவில் ஏரிக்கரைச் சாலையில் வண்டி ஓட்டும்போது வேகத்தைக் குறையுங்கள்.

உங்கள் குடியிருப்புச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இந்த மடலைப் படித்துக் காட்டுங்கள். அருகில் தூர்ந்து கிடக்கும் குட்டை எது, அதில் குப்பை கொட்டுவது யார், யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று பேசுங்கள். இந்த மழைக்காலத்துக்கு முன் ஒரு குட்டையைச் சுத்தம் செய்தால் தவளைகள் தாமாக வரும். அவற்றுக்கு விலை இல்லை, மின்கட்டணம் இல்லை, தீனிச் செலவும் இல்லை. கடைத் தவளையை வாங்காதீர்கள். ஊர்த் தவளைக்கு இடம் கொடுங்கள்.

அன்புடன்,
செங்கல்பட்டு மாவட்டத்து உயிரியல் ஆசிரியை ஒருவர்